முதலில் தவளைகள்

அத்தியாயம் 17

திருப்புளியைக் கையில் ஒரு ஹார்டு டிஸ்க்கோடு அலமாரி முன்னால் நிறுத்திவிட்டுப் போன வாரம் நாம் பாட்டுக்குக் கிளம்பிவிட்டோம். பாவம், ஏழு நாளாக அதே இடத்தில்தான் நிற்கிறாள். முகத்தில் ஈயாடவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். திருப்புளி அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. கல்யாணமான முதல் வருஷம் நாத்தனார் வைத்தது. சமையலறைக்குள் வரும்போதுகூடக் காதோரம் ஒரு குட்டித் திருப்புளியைச் செருகிக்கொண்டு வந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? செத்துப்போன ஹார்டு டிஸ்க்கைப் பிரித்து, உள்ளே மாட்டிக்கொண்டதை மீட்டுத் தருவது அவள் தொழில். கடையின் பின்னறை அவளுடையது. முன் மேஜையில் உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, "பாத்துக்கலாம்" என்று சொல்வது அவள் புருஷனின் வேலை. அந்த ஒரு வார்த்தையை வைத்தே மனுஷர் இருபது வருஷம் குடும்பம் நடத்திவிட்டார்.

நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்துக்கும் டீச்சர், வீட்டுக்கும் டீச்சர். எட்டு மாதத்துக்கு முன்னால் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. உயிர் பிழைத்தது, குரல் போய்விட்டது. அன்றிலிருந்து ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவுமாக இருக்கிறார். பழைய ஒலிப்பதிவு சுத்தமாக ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும், அதை வைத்து அவர் குரலையே கம்ப்யூட்டரில் உண்டாக்கலாம், டைப் அடிக்க அடிக்க அந்தக் குரலிலேயே பேசும் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா போன மாதம் சொன்னார். குடும்ப வீடியோக்களை எடுத்துப் போய்க் காட்டினார்கள். எல்லாவற்றிலும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறீர்கள், இதிலிருந்து ஒருத்தரை மட்டும் பிரிக்க முடியாது என்று அந்த அம்மா கையை விரித்துவிட்டார்.

மிச்சம் இருப்பது ஒரே வழி. வகுப்புக்கு மட்டம் போட்ட பிள்ளைகளுக்காக டீச்சர் நாற்பது பாடங்களைப் பதிவு செய்து வைத்திருந்தார். யாருக்கும் நகல் கொடுத்ததில்லை. கையில் கொடுத்தால் கேட்கமாட்டார்கள், பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினால்தான் கேட்பார்கள் என்பது அவர் கணக்கு. நாற்பதும் ஒரே டிஸ்க்கில் இருந்தன. நாலு வருஷத்துக்கு முன்னால் திடீரென்று மின்சாரம் எகிறியதில் அதன் சர்க்யூட் போர்டு கருகிப்போக, "மெதுவா பாரு, அவசரமில்ல" என்று அவரே கொண்டுவந்து திருப்புளியிடம் கொடுத்தார்.

அந்த டிஸ்க்தான் இப்போது அவள் கையில் இருக்கிறது. மூடியைத் திறந்து பார்த்தாயிற்று. உள்ளே ஹெட்டுகள் இல்லை.

"என்னங்க, கொஞ்சம் உள்ள வாங்க."

அவர் வந்தார். கையில் யாரோ ஒரு வாடிக்கையாளரின் போன் நம்பர் எழுதிய சீட்டு இருந்தது.

"இது அக்காவோட டிஸ்க்," என்றாள்.

"ஆமா. இன்னிக்கு எடுத்துடலாம்னு சொன்னியே. அக்காவும் பதினோரு மணிக்கு வரேன்னிருக்கா."

"ஹெட் இல்ல."

"ஹெட் இல்லைன்னா? எங்க போச்சு?"

அவள் அறையின் மறுபக்கத்தைக் காட்டினாள். அங்கே நகல் எடுக்கும் மெஷினில், தவளைச் சத்தங்களைப் பதிவு செய்கிற வாடிக்கையாளரான தவளைக்காரியின் டிஸ்க் இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அறுபத்திரண்டு சதவீதம் என்று தெரிந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார்.

நமக்கும் புரிய வேண்டுமே. டிஸ்க்குக்குள் பளபளவென்று தட்டுகள் சுழலும். அவற்றின்மேல் பட்டும் படாமல் மிதந்துகொண்டு படிக்கிற முனைகளுக்குத்தான் ஹெட் என்று பெயர். இந்த டிஸ்க்கில் நாலு ஹெட். அவை பழுதானால், அதே மாடல், அதே ஆலை, அதே மாதத்தில் செய்த இன்னொரு டிஸ்க்கிலிருந்து ஹெட்டுகளைக் கழற்றி வைக்க வேண்டும். கொடுக்கிற டிஸ்க்குக்கு டோனர் என்று பெயர். கடையில் இதற்கென்று ஒரு சட்டம் உண்டு: சீட்டு ஒட்டியிருந்தால் நோயாளி, சீட்டு இல்லாவிட்டால் டோனர். அந்தச் சட்டத்தைப் பெரிய எழுத்தில் எழுதி அலமாரியில் ஒட்டியவளே திருப்புளிதான்.

ஆனால் வீட்டு மனுஷர் டிஸ்க்குக்கு யார் சீட்டு போடுவார்கள்? ஊராருக்கு ஆயிரம் உபதேசம், நம் வீட்டுக்கு வந்தால் 'அது நம்மதுதானே, கிடக்கட்டும்'. கிடந்தது. நாலு வருஷமாக ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு நகர்ந்து நகர்ந்து கடைசியில் டோனர் தட்டில் போய் உட்கார்ந்துவிட்டது. தவளைக்காரியின் டிஸ்க்குக்கு டோனர் தேடி இவர் ஊரிலிருக்கிற வியாபாரிகளுக்கெல்லாம் போன் போட்டு அலுத்துப்போன நேரத்தில், போர்டு மட்டும் கருகி ஹெட் நன்றாக இருக்கிற டிஸ்க் ஒன்று சொந்த அலமாரியிலேயே அவள் கண்ணில் பட்டது. மாடல், மாதம், ஆலை, எல்லாம் அச்சுப் பிசகாமல் பொருந்தியது. பொருந்தாமல் என்ன செய்யும்? பத்து வருஷத்துக்கு முன்னால் இவர் கம்ப்யூட்டர் விற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஒரே அட்டைப்பெட்டியில் வந்தவை இரண்டும். ஒன்று தவளைக்காரியின் பல்கலைக்கழகத்துக்குப் போனது, ஒன்று அக்காவுக்கு. அன்றைக்குத் திருப்புளி சந்தோஷத்தில் விசிலடித்துக்கொண்டே ஹெட்டைக் கழற்றினாள்.

"நீயா எடுத்தே?" என்றார்.

"நானேதான். என் கையாலயே."

"அந்தப் பக்கம் வெச்சது ஒருவேளை நானா இருக்கும்."

"யாரு வெச்சா என்ன. சீட்டு போடாதது நான்."

அவர் 'பாத்துக்கலாம்' என்று சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. அப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

"மீதி எவ்வளவு இருக்கு?" என்று மெஷினைப் பார்த்துக் கேட்டார்.

"முப்பத்தெட்டு. ஆனா மோசமான இடமெல்லாம் அதுலதான் இருக்கு." நல்ல இடத்தை முதலில் அள்ளிக்கொண்டு, தட்டில் கீறல் விழுந்த வம்பான இடத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது அவள் வழக்கம். கீறல்மேல் ஓட ஓட ஹெட் தேயும். பாதியில் செத்தும் போகும். "இப்ப நிறுத்துனா நாலு ஹெட்டும் முழுசா இருக்கு. திருப்பி அக்கா டிஸ்க்ல வெச்சு, போர்டை மாத்துனா நாற்பது பாடமும் வந்துடும். மீதியையும் ஓட்டுனா அதுக்கப்புறம் ஹெட்டுல என்ன மிஞ்சும்னு எனக்குத் தெரியாது."

"அப்ப நிறுத்திடு."

அவள் மெஷின் பக்கம் திரும்பினாள்.

"நிறுத்திடும்மா. அறுபத்திரண்டு சதவீதம் வந்துச்சு, மீதி வரலைன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிக்கலாம். தினம் நாலு பேருகிட்டச் சொல்றதுதானே?"

"அது வராதப்ப சொல்றது."

"நம்ம அக்காடீ."

உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, அவள் விரல் அதற்கு முன்பே நிறுத்தும் பொத்தான்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் டீச்சர் அவளைத் திட்டியது ஞாபகம் வந்தது. கேட்டது அகலப் பல் சீப்பு. அவள் கொண்டுபோனது பேன் சீப்பு. "ஹார்டு டிஸ்க்குல அரை மயிரளவு வித்தியாசம் கண்டுபிடிக்கறே, ஒரு சீப்பு உன் கண்ணுக்குத் தெரியலையா?" என்றார். அதுதான் கடைசித் திட்டு. கல்யாணமான புதிதில் அந்த வாய்க்குப் பயந்து மாடியில் ஒளிந்தவள், எட்டு மாதமாக அந்த வாய்க்காக ஏங்கிக்கொண்டிருந்தாள். அது இல்லாமல் வீடு வீடாகவே இல்லை.

வாசல் மணி அடித்தது. பதினோரு மணிக்கு வருகிறேன் என்ற டீச்சர் பத்து ஐம்பதுக்கே வந்து நின்றார்.

இஸ்திரி மடிப்புக் கலையாத துணி, புதிதாகத் துடைத்த மூக்குக் கண்ணாடி. மூச்சுக்காகக் கழுத்தில் போட்ட துளையை மறைக்கிற மெல்லிய துணிகூட இன்றைக்குப் புதிது. தன் குரலைப் பார்க்கத்தான் அவ்வளவு அலங்காரம் என்று திருப்புளிக்குப் புரிந்தது.

டீச்சர் பலகையை நிமிர்த்தினார். ஏற்கெனவே எழுதிக்கொண்டு வந்திருந்தார். "எழுந்துவிட்டதா, இன்னும் தூங்குகிறதா?"

"நான் தண்ணி கொண்டு வரேன்," என்று தம்பி நழுவினார். தண்ணீர் ஜாடி அவர் பக்கத்திலேயேதான் இருந்தது.

"அக்கா, உட்காருங்க," என்றாள் திருப்புளி. கட்டியவர் கூப்பிடுவது போலவே அவளுக்கும் அக்காதான். "ஒரு தப்பு நடந்துபோச்சு. நடந்துபோகல, நான் பண்ணிட்டேன்."

ஒன்றுவிடாமல் சொன்னாள். அலமாரி, சீட்டு, விசிலடித்தது உட்பட. டீச்சர் நடுவில் ஒன்றும் எழுதவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"நான் கொடுத்தபோதே பார்த்திருந்தால் எவ்வளவு நேர வேலை?"

பொய் சொல்லலாம். கணக்கு டீச்சரிடம் பொய்க்கணக்கு நிற்காது. "அரை நாள், அக்கா. போர்டை மாத்தி, பழைய போர்டுல இருக்கற ஒரு சிப்பை எடுத்துப் புதுசுல ஒட்டணும். அவ்வளவுதான்."

டீச்சர் அதைத் துடைத்தார். துடைத்த பலகையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரோடு வந்த தம்பி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"திட்டுங்கக்கா," என்றாள் திருப்புளி. "ஏதாச்சும் எழுதுங்க. இப்படி உட்காராதீங்க."

டீச்சர் எழுதினார். "பலகை போதாது."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டும் சேர்ந்து வந்தது அவளுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தினால் என்ன ஆகும், ஓட்டினால் என்ன ஆகும் என்று சொன்னாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த நிமிஷமே நிறுத்தறேன்."

"அந்த மீதி யாருடையது?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. வாசல் மணி மறுபடி அடித்தது, தவளைக்காரியே வந்துவிட்டாள்.

முப்பது வயசு இருக்கும். முழங்கால்வரை சேறு காய்ந்த பூட்ஸ். ஆறு வருஷமாகக் குளம் குளமாகப் போய்த் தவளைகள் கத்துவதைப் பதிவு செய்து ஆராய்ச்சி செய்கிறவள். கடைக்கு வந்த முதல் நாளே திருப்புளியின் புருஷன் அந்தப் பெயரை வைத்துவிட்டார். அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். டீச்சரின் பலகையைப் பார்த்தாள், வணக்கம் சொன்னாள். குரல் இல்லாதவரிடம் எல்லாரும் காது கேளாதவரிடம் பேசுவது போலக் கத்துவார்கள். இவள் சாதாரணமாகப் பேசினாள். டீச்சர் அதைக் கவனித்தார்.

"வந்தவரைக்கும் கேட்டுப் பாக்கறீங்களா?" என்றாள் திருப்புளி. வாடிக்கையாளர் எதிரில் இருந்தால்தான் மீட்ட எதையும் திறப்பாள். இதுவும் கடைச் சட்டம்தான், இதை மட்டும் மீறியதில்லை.

மீட்டதில் ஒன்றை ஓடவிட்டாள். அறை முழுக்கத் தவளைகள். ஒன்று எண்ணெய் போடாத கதவுக் கீல் மாதிரி இழுத்தது, இன்னொன்று எவர்சில்வர் பாத்திரத்தில் கோலிக்குண்டு போட்ட மாதிரி 'டிங்' என்றது. டீச்சர் ஸ்பீக்கர் பக்கம் சாய்ந்து கேட்டார். பிறகு எழுதினார். "என்ன சொல்கின்றன?"

"முக்காவாசி ஒண்ணேதான், டீச்சர். 'நான் இங்க இருக்கேன்'னு சொல்லும்."

"கால்வாசி?"

"'தள்ளிப் போ'ன்னு."

டீச்சருக்குத் தோள் குலுங்கியது. இப்போதெல்லாம் அவர் சிரிப்பது அப்படித்தான். "முப்பது வருஷமாக வகுப்பில் நானும் இந்த இரண்டைத்தான் சொன்னேன்," என்று எழுதிக் காட்டினார்.

தவளைக்காரியும் சிரித்தாள். அப்புறம் திருப்புளி பக்கம் திரும்பித் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பழைய குளம்னு ஒரு ஃபோல்டர் இருக்குமே. அது வந்துச்சாங்க?"

பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. உள்ளே இருப்பது வரவில்லை. அது அந்த முப்பத்தெட்டில் இருந்தது.

"இன்னும் இல்ல."

"மத்ததெல்லாம் போனாலும் திரும்பப் போய்ப் பதிஞ்சுடுவேன். இத முடியாது. அந்தக் குளத்த மூடிட்டாங்க. இப்ப மேல வண்டி நிறுத்தறாங்க. அங்க ஒரு வகைத் தவளை இருந்துச்சு, வேற எங்கயுமே அந்தச் சத்தத்த நான் கேட்டதில்ல." சொல்லிவிட்டுத் தானே சமாளித்துக்கொண்டாள். "பரவால்ல. எவ்வளவு வருதோ வரட்டும். உங்களால முடிஞ்சதச் செய்வீங்கன்னு தெரியும்."

தவளைக்காரி மட்டும் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். திருப்புளி மெஷின் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய புருஷன் அலமாரியில் எதையோ மும்முரமாகத் தேடினார்.

டீச்சர் பலகையைத் தவளைக்காரிக்குத் தெரியாதபடி திருப்பிப் பிடித்துக்கொண்டு எழுதினார். திருப்புளியிடம் நீட்டினார்.

"வரிசை என்றால் வரிசை. அவளுடையது முடியட்டும்." அதன் கீழே, இரண்டு கோடு போட்டு: "அவளிடம் சொல்லாதே."

"அக்கா, அதுக்கப்புறம்..."

டீச்சர் பேனாவை மூடினார். 'டக்' என்று சத்தம் கேட்டது. எட்டு மாதமாக அந்த வீட்டில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான்: பேச்சு முடிந்தது, மேலே வாதாடாதே.

தவளைக்காரி ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனாள். திருப்புளி கையைக் கழுவிக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு அவள் ஓட்டிய மாதிரி இதுவரை எதையும் ஓட்டியதில்லை. கீறலுக்கு நேராகப் போகாமல் மறுபக்கத்திலிருந்து பின்னோக்கிப் படிக்கவிட்டாள். கொஞ்சம் படித்ததும் நிறுத்தி, சூடு ஆறவிட்டு, மறுபடி கொஞ்சம். குழந்தைக்கு மருந்து புகட்டுவது போல ஒவ்வொரு சொட்டாக. மூன்றாம் ஹெட் திணறினால் அதை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் ஓட்டிவிட்டு, பிறகு அதனிடம் திரும்பி வந்தாள். ஒரே ஹெட்டுகளை இரண்டு பேருக்காகக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

டீச்சர் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சதவீதம் ஏற ஏறப் பலகையின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். எழுபது. எழுபத்தைந்து. ஒரு மணிக்குத் தம்பி ரொட்டியும் பழமும் வாங்கி வந்தார். திருப்புளி கையை எடுக்க முடியாததால் டீச்சரே பிய்த்து ஊட்டினார். ஊட்டும்போது முறைத்துக்கொண்டேதான் ஊட்டினார்.

"நான் ஒண்ணு பண்ணட்டுமா?" என்றார் தம்பி. "அக்காவோட போர்டுல அந்த சிப்ப நான் மாத்தி வெச்சுடறேன். அந்தக் காலத்துல நான்தானே பத்த வெப்பேன்."

"கை நடுங்காதே?" என்றாள் திருப்புளி.

"பாத்துக்கலாம்."

காலையிலிருந்து வராத வார்த்தை வந்ததும் அவளுக்குப் பாதி உயிர் வந்தது. அவர் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூலை மேஜையில் குனிந்தார். அரிசி அளவு சிப். நாலு வருஷம் தள்ளிப்போட்ட அந்த வேலை நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. முடிந்ததும் அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா எழுந்து போய் அவர் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்துவிட்டு வந்தார்.

மூன்று மணிக்கு எண்பத்தெட்டு. பழைய குளத்தில் பாதி வந்துவிட்டது. மூன்றரைக்கு மூன்றாம் ஹெட் மிகவும் தயங்கியது. திருப்புளி நிறுத்திவிட்டு டீச்சரைப் பார்த்தாள். கேள்வியை வாயால் கேட்கவில்லை. டீச்சர் விரலால் 'மேலே' என்று காட்டினார்.

நாலு மணி பத்து நிமிஷத்துக்குக் குளத்தின் கடைசிப் பதிவு முழுசாக வந்து சேர்ந்தது. அடுத்த நிமிஷமே மூன்றாம் ஹெட் அடங்கிப்போனது. திருப்புளி சட்டென்று மெஷினை அணைத்தாள். தொண்ணூற்றாறு சதவீதம். மிச்சம் நாலு சதவீதத்தில் பட்டியல்படி ஒன்றும் இல்லை, வெறும் காலி இடம்.

"நாலு ஹெட்டுல ஒண்ணு போச்சுக்கா," என்றாள்.

டீச்சர் பலகையில் எழுதியிருந்த எண்களையெல்லாம் துடைத்தார். புதிதாக ஒன்று எழுதினார். "நாலில் மூன்று. எழுபத்தைந்து மார்க். என் வகுப்பில் பாஸ்."

ஐந்து மணிக்கு வந்த தவளைக்காரி பழைய குளத்தைக் கேட்டாள். சன்னமாக, சீட்டியடிப்பதற்கு முன் உதட்டைக் குவிப்பார்களே, அந்த அளவுதான் சத்தம். அதைக் கேட்டதும் அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். போகும்போது டீச்சரைப் பார்த்து, "காலையில இருந்து இங்கயே இருக்கீங்களா டீச்சர்? உங்க டிஸ்க்கும் ஏதாச்சும் போச்சா?" என்று கேட்டாள்.

"ஆமாம். அடுத்து என் முறை," என்று டீச்சர் எழுதிக் காட்டினார். தவளைக்காரி அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். எதற்காக நன்றி சொல்லிவிட்டுப் போகிறோம் என்பது அவளுக்குத் தெரியாது.

பிறகு திருப்புளி தூசி புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டாள். தவளைக்காரியின் டிஸ்க்கிலிருந்து ஹெட்டுகளைக் கழற்றினாள். ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் நடுவில் சீப்பு போன்ற தடுப்பைச் செருகி, அவை பிறந்த வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோய் வைத்தாள். ஒரு மணி நேரம் ஆனது. மூச்சுகூட அளந்துதான் விட்டாள். புதுப் போர்டை மாட்டி, மின்சாரம் கொடுத்தாள்.

மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். தட்டு சுழலும் சத்தம் எழுந்தது, ஒரே சீராக நின்றது. பழுதான டிஸ்க் போடுகிற 'கிளிக்' வரவில்லை. திரையில் நாற்பது பெயர்கள் வரிசையாக இறங்கின.

"வந்துடுச்சு," என்றார் தம்பி.

நகல் ஏற ஆரம்பித்தது. மூன்றாம் ஹெட் இல்லாததால் ஒவ்வொரு பாடத்திலும் ஆங்காங்கே ஓட்டை விழுந்தது. பயிற்சி அம்மா கேட்டது சுத்தமாக அறுபது நிமிஷம். ஓட்டை இல்லாத பகுதிகளை மட்டும் மெஷின் கூட்டிக்கொண்டே வந்தது. ஆறு நிமிஷம். பதினொன்று. பத்தொன்பதில் முதல் ஹெட்டும் மெதுவாகப் படிக்க ஆரம்பித்ததைப் பார்த்துத் திருப்புளி நிறுத்திவிட்டாள். காலைவரை ஆறட்டும் என்றாள். மறுபடி போட்டால் அது எழுந்திருக்குமா என்று அவளுக்கே தெரியாது. அதையும் மறைக்காமல் சொன்னாள்.

"வந்தவரைக்கும் கேக்கறீங்களா, அக்கா?"

டீச்சர் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு தலையசைத்தார்.

"புத்தகத்த மூடு," என்றது ஸ்பீக்கர். "மூடுன்னா மூடணும். விரல உள்ள வெச்சுக்கிட்டு மூடறது மூடறதில்ல. பின் பெஞ்சு, எனக்கு முதுகுலயும் கண்ணிருக்கு."

தம்பி தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றார். திருப்புளியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, அவள் துடைக்கவில்லை. எட்டு மாதமாகக் காணாமல் போயிருந்த மனுஷி பின்னறையில் வந்து நின்று எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தார்.

டீச்சரைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. பாடம் மனப்பாடம், சத்தம்தான் இல்லை. ஸ்பீக்கரில் ஓட்டை வந்து குரல் அறுந்தது. உதடுகள் நிற்கவில்லை, தம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தன. நாலைந்து விநாடி கழித்துக் குரல் திரும்பி வந்தபோது, உதடுகள் எந்த வார்த்தையில் இருந்தனவோ சரியாக அதே வார்த்தையில் வந்து சேர்ந்தது.

அடுத்த ஓட்டை இன்னும் பெரிது. இந்தத் தடவை டீச்சர் கண்ணைத் திறந்தார். திருப்புளியைப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். பாடம் இல்லை அது. நாலைந்து வார்த்தை இருக்கும். சொல்லி முடிப்பதற்குள் ஸ்பீக்கர் மறுபடி பின்னக் கணக்குக்குப் போய்விட்டது.

திருப்புளி அவசரமாக அதை நிறுத்தினாள். "என்னக்கா சொன்னீங்க? எனக்குப் புரியல."

டீச்சர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"எழுதுங்கக்கா. பலகை இருக்கில்ல."

"திட்டாத்தான் இருக்கும், விடு," என்றார் தம்பி.

டீச்சர் பலகையை எடுத்தார். நிதானமாக, கையெழுத்துப் பாடம் மாதிரி எழுத்து எழுத்தாக எழுதித் திருப்பிக் காட்டினார்.

"இதை எழுதமாட்டேன். குரல் வரட்டும். அதில் சொல்கிறேன்."

திருப்புளி மெஷினைத் திரும்பிப் பார்த்தாள். பத்தொன்பது நிமிஷம் என்று காட்டிக்கொண்டிருந்தது. இன்னும் நாற்பத்தொன்று வேண்டும்.